பழைய பூல் கியூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையில் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தின் கோல்தான் கியூ. வாரக்கடைசியில் நண்பர்களுடைய கியூக்களுக்கு டிப், அதாவது நுனித் தோல், மாற்றிக் கொடுப்பேன். கியூவை வாங்கிக்கொண்டு போக வருபவர்கள் சும்மா போவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் சொன்னபடியே எழுதிப் பதிலும் போட்டுவிட்டேன். கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்கக் கதைதான். பூல் கியூ சேகரிக்கும் பழக்கம் வேர்விட்ட ஊர் அது.

பூல் கியூவும் ஸ்நூக்கர் கியூவும் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57.15 மி.மீ. பந்து பெரிசு, கனம் கூட. அதனால் பூல் கியூவின் முனை 12 முதல் 13 மி.மீ. வரை இருக்கும், ஸ்நூக்கர் கியூவுக்கு 9, 10 மி.மீ. போதும். ஸ்நூக்கர் கியூவின் முன்பகுதி பெரும்பாலும் ஆஷ் மரம், பூல் கியூவுக்கு மேப்பிள்.

ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, நம்ம உதகை கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள். அந்தப் பெருமையை நாம் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் பூல் பற்றியது.

பட், ஷாஃப்ட், பாயின்ட், ராப்னு என்னென்னமோ பேசுறீங்க. எது எங்க இருக்கு?

பூல் கியூ இரண்டு துண்டு. கையில் பிடிக்கும் கனமான பின்பாதி பட். பந்தை அடிக்கும் மெலிந்த முன்பாதி ஷாஃப்ட். இரண்டும் திருகிச் சேரும் இடம் ஜாயின்ட். ஷாஃப்ட்டின் நுனியில் தோல் டிப். அதற்குக் கீழே மரம் பிளக்காமல் காக்கும் வெள்ளைக் குழல் ஃபெரூல். பட்டில் கை படும் இடத்தில் சுற்றியிருக்கும் நூல் ராப். பழைய நல்ல கியூக்களில் அது ஐரிஷ் லினன் நூலாக இருக்கும். ராப்புக்கு மேலே ஈட்டி முனைபோல் கூராக ஏறும் கறுப்பு மர வடிவங்கள்தான் பாயின்ட். அவற்றின் ஓரத்தில் தெரியும் வண்ணக் கோடுகள் வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடுகள்.

முழு நீளம் 57, 58 அங்குலம். எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ்.

பழைய கியூ எல்லாமே சேகரிப்புப் பொருளா? எங்க மாமா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தது ஒண்ணு பரண்ல கிடக்கு.

பரணில் கிடப்பவை பெரும்பாலும் பழைய கியூக்கள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த கியூ ஐம்பது வருஷம் கிடந்தாலும் தொழிற்சாலைக் கியூதான். சேகரிப்பவர்கள் யார் செய்தது என்று முதலில் கேட்பார்கள். அசல் ஷாஃப்ட் கூடவே இருக்கிறதா, எவ்வளவு மாற்றப்பட்டிருக்கிறது என்பது அடுத்தது. வயது அதற்குப் பிறகு.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது கீழே டைட்லிஸ்ட் என்ற கியூ பற்றிய பதிலில் வருகிறது. பரணில் ஏறுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

பலபுஷ்கா பலபுஷ்கான்னு சொல்றாங்களே, அது கம்பெனி பேரா?

மனிதர் பெயர். ஜார்ஜ் பலபுஷ்கா 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். தச்சு வேலை தெரிந்தவர், பூல் ஆட்டத்தில் பைத்தியம். 1959இல் ஃபிராங்க் மெக்கௌன் என்ற ஆட்டக்காரரோடு சேர்ந்து புரூக்ளினில் ஒரு பூல் கூடம் வாங்கினார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குப் பரிசாகச் சில கியூக்கள் செய்து கொடுத்தார். வாங்கியவர்கள் ஆடிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

1975இல் இறக்கும்வரை அவர் செய்தவை சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு கியூக்கள் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. பதினாறு வருஷ உழைப்பு. இனி ஒன்றும் கூடப்போவதில்லை. ஸ்டீவ் மிஸராக் போன்ற சாம்பியன்கள் அந்தக் கியூவோடுதான் ஆடினார்கள். மிஸராக் 1970 முதல் 1973 வரை தொடர்ந்து நான்கு முறை, பூலில் ஒரு வகையான ஸ்ட்ரெய்ட் பூலில், அமெரிக்க ஓப்பன் வென்றவர். அன்றைக்கு மிகச் சிறந்த ஆட்டக்காரர் விரும்பிய கியூவும், இன்றைக்குச் சேகரிப்பவர் தேடும் கியூவும் ஒன்றே. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டாம் குரூஸ் படத்துல வர்றது அசல் பலபுஷ்காதானே?

இல்லை. 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்படும் கியூ, ஜாஸ் என்ற நிறுவனம் செய்தது. படம் வந்தபோது பலபுஷ்கா இறந்து பதினொரு வருஷம். அசல் கியூ அப்போதே அரும்பொருள். படப்பிடிப்பில் சுழற்றவும் வீசவும் அதை யார் தருவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், பூல் தெரியாதவர்களின் காதிலும் பலபுஷ்கா என்ற பெயர் விழுந்தது அந்தப் படத்தால்தான். போலிகளும் அதற்குப் பிறகு பெருகின.

பலபுஷ்காவுக்கு முன்னாடி யாருமே நல்ல கியூ செய்யலையா?

செய்தார்கள். சிகாகோவின் ஹெர்மன் ராம்போ முக்கியமானவர். மேசையும் கியூவும் தயாரித்த பிரன்ஸ்விக் நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை பார்த்து, பிறகு தனியாகவும் செய்தார். 1967இல் இறக்கும்வரை கடைசல் இயந்திரத்தை விடவில்லை. 1906இல் பதினெட்டு வயதில் பாரிஸ் போய் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்ற வில்லி ஹாப்பி, 1954இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரே மூச்சில் 526 பந்துகளைக் குழியில் போட்ட வில்லி மொஸ்கோனி, இருவருக்கும் கியூ செய்தவர் அவர்.

பிரன்ஸ்விக் தயாரித்த ‘வில்லி ஹாப்பி டைட்லிஸ்ட்’ இன்னொரு கதை. பூல் கூடத்துச் சுவரில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடுவதற்காக மாட்டியிருந்த ஒற்றைத் துண்டுக் கியூ அது. நான்கு பாயின்ட், வண்ண வெனீர், உறுதியான இணைப்பு. விவரம் தெரிந்தவர்கள் அதை வாங்கி, நடுவில் அறுத்து, ஜாயின்ட் போட்டு இரண்டு துண்டாக்கிக்கொண்டார்கள். பலபுஷ்காவே தொடக்க காலத்தில் டைட்லிஸ்ட் மரத்தை எடுத்துத்தான் கடைந்தார். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: அறுபடாமல் முழுசாக இருக்கும் பழைய டைட்லிஸ்ட் உங்கள் பரணில் கிடைத்தால், அதைக் கொடிக்கம்பாக்கித் துணி காயப்போடாதீர்கள்.

ஃபுல் ஸ்ப்ளைஸ், ஹாஃப் ஸ்ப்ளைஸ் வித்தியாசம் என்ன சார்?

இரண்டு கைகளின் விரல்களையும் கோத்துப் பாருங்கள். ஃபுல் ஸ்ப்ளைஸ் அதுதான். முன்பக்க மேப்பிளும் பின்பக்கக் கனமரமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒட்டப்பட்டு ஒரே கட்டையாகும். பாயின்ட்டாக வெளியே தெரிவது உண்மையில் கைப்பிடி மரத்தின் நுனிகள்.

ஹாஃப் ஸ்ப்ளைஸில் முன்கட்டையில் வி வடிவப் பள்ளம் வெட்டி, அதில் பாயின்ட் மரத்தை ஒட்டுவார்கள். கைப்பிடி தனித் துண்டு. ராப்புக்கு அடியில் திருகி இணைக்கப்பட்டிருக்கும். மர வகைகளைக் கலந்து விளையாட இதில் வசதி அதிகம். ஃபுல் ஸ்ப்ளைஸ்தான் உசத்தி என்று சண்டை போடுபவர்கள் உண்டு. இரண்டிலும் நல்லதும் பார்த்திருக்கிறேன், ஒட்டு விட்டதும் பார்த்திருக்கிறேன்.

பலபுஷ்கா கட்டையையே வெளியில வாங்கினாராமே. அப்ப அவர் என்னதான் செஞ்சார்?

நல்ல கேள்வி. பாயின்ட் ஒட்டிய கட்டையைப் பிளாங்க் என்பார்கள். முதலில் டைட்லிஸ்ட், 1960களின் பிற்பகுதியில் சிகாகோவின் பர்டன் ஸ்பெயின், 1970களின் தொடக்கத்திலிருந்து பென்சில்வேனியாவின் கஸ் ஸாம்போட்டி என்று பலரிடம் அவர் பிளாங்க் வாங்கினார். பாயின்ட்டின் கூர்மையையும் வெனீரின் வரிசையையும் பார்த்தே ஒரு பலபுஷ்கா எந்தக் காலத்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர் செய்தது மற்றதெல்லாம். ஒரே நாளில் கடைந்து முடித்தால் மரம் பிறகு வளையும். சிறிது கடைந்து, வாரக்கணக்கில் தொங்கவிட்டு, அது தன் போக்குக்கு அசைந்து அடங்கிய பிறகு மறுபடி கடைய வேண்டும். எடை எங்கே விழுகிறது, ஜாயின்ட் எவ்வளவு இறுக்கம், ஷாஃப்ட் எந்த இடத்திலிருந்து தடிக்கத் தொடங்குகிறது, எல்லாம் கைக்கணக்கு. வீணைக்குப் பலாமரம் பண்ருட்டியிலிருந்து வந்தாலும் தஞ்சாவூர் வீணை என்றுதானே சொல்கிறோம்.

ஸாம்போட்டியும் பிறகு தன் பெயரிலேயே பெரிய கைவினைஞர் ஆனார். 1988இல் அவர் இறந்த பின் மகன் பேரி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

ஸ்னீக்கி பீட்னா என்ன? பேரே திருட்டுத்தனமா இருக்கே.

திருட்டுத்தனம்தான். பார்த்தால் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரணக் கியூ. அலங்காரம் இல்லை, ராப் இல்லை, ஜாயின்ட்டில் உலோக வளையமும் இல்லை. மரத்தோடு மரம் சேர்வதால் கோடே தெரியாது. உள்ளே நல்ல கைவினைஞரின் வேலை. பந்தயம் கட்டி ஆடுபவர்கள், புது ஊரில் தன்னை யாரென்று காட்டாமல் இருக்க இதை வைத்திருந்தார்கள். இன்றைக்கு எல்லோருக்கும் இந்தத் தந்திரம் தெரியும் என்பதால் ஏமாற்றப் பயன்படாது. ஆடுவதற்கு நன்றாகவே இருக்கும்.

இன்னைக்குப் பெரிய ஆட்டக்காரங்க யாராவது பழைய கியூல ஆடுறாங்களா?

போட்டி மேசையில் பார்ப்பது அபூர்வம். முக்கியக் காரணம் ஷாஃப்ட். வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் அது நேராகப் போகும். சுழற்சி கொடுக்க இடது ஓரத்தில் அடித்தால் பந்து குறி வைத்த கோட்டிலிருந்து சற்று வலப்பக்கம் விலகும். இதை டிஃப்ளெக்ஷன் என்கிறார்கள். ஷாஃப்ட்டின் நுனி எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். பழைய கியூக்களின் நுனி 13 மி.மீ. திண்ணமான மேப்பிள், அதன்மேல் சில நேரம் தந்த ஃபெரூல். கனம்தான். அந்தக் கால ஆட்டக்காரர்கள் விலகலை மனக்கணக்காகக் கழித்துவிட்டுக் குறி வைத்தார்கள்.

1994இல் பிரிடேட்டர் நிறுவனம் 314 என்ற ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தது. பத்துத் துண்டு மரத்தை ஒட்டி, நுனிக் கனத்தைக் குறைத்திருந்தார்கள். விலகல் குறைந்ததும் குறி வைப்பது எளிதானது. பிறகு கார்பன் ஃபைபர் வந்தது; அது வெயிலுக்கும் மழைக்கும் வளைவதில்லை. ஒன்பது பந்து பூலான நைன்பாலில் ஐந்து முறை அமெரிக்க ஓப்பன் வென்ற ஷேன் வான் போனிங் போன்றவர்கள் இந்த வகையில்தான் ஆடுகிறார்கள். கூடவே விளம்பர ஒப்பந்தமும் உண்டு. கியூ நிறுவனம் பணம் கொடுக்கும்போது வேறு கியூவை எடுக்க முடியாது.

பிரேக், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, அடிக்கத் தனிக் கியூ, பந்தைத் தாண்டவைக்கத் தனிக் கியூ என்றும் ஆகிவிட்டது. மிஸராக் காலத்தில் ஒன்றாக இருந்தவை பிரிந்துவிட்டன. ஆட்டக்காரரின் கியூ இப்போது கருவி. சேகரிப்பவரின் கியூ கைவேலை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்ப பழைய கியூவோட டோர்னமென்ட் ஆட விடுவாங்களா?

தாராளமாக. உலக பூல் சங்க விதிப்படி கியூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 25 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது, டிப் 14 மி.மீ. தாண்டக் கூடாது. பழைய கியூ எல்லாம் இதற்குள் அடங்கும்.

விலை உயர்ந்த கியூ வாங்கினா ஆட்டம் ஏறுமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஸ்நூக்கரில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹெண்ட்ரியின் கியூ சுமார் 40 பவுண்டு விலையுள்ள சாதாரணக் கியூ. 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனபோது அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பிறகு எவ்வளவோ நல்ல கியூ செய்து கொடுத்தார்கள். உலகப் பட்டம் அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை. கைக்குப் பழகிய கியூதான் நல்ல கியூ.

பழைய பட்ல புது ஷாஃப்ட் போட்டு ஆடினா ரெண்டும் கிடைச்ச மாதிரி ஆகாதா?

ஆகும். நானே பலருக்கும் சொல்லும் வழி இது. அசல் ஷாஃப்ட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஆடுவதற்கு ஒன்று செய்துகொள்ளலாம்.

ஜாயின்ட்டைக் கவனிக்க வேண்டும். பலபுஷ்காவும் அவர் வழி வந்தவர்களும் ஸ்டீல் ஜாயின்ட்டில் அங்குலத்துக்கு 14 புரியுள்ள 5/16 திருகாணி வைத்தார்கள். ஷாஃப்ட்டின் அடியில் ஒரு சிறு பித்தளைக் கழுத்து நீட்டிக்கொண்டு அந்த ஸ்டீல் குழிக்குள் இறுக்கமாக உட்காரும். புரி ஒன்று என்பதற்காகக் கடையில் கிடைக்கும் ஷாஃப்ட்டைத் திருகினால், கழுத்து தளர்வாக ஆடும், அல்லது உட்காராமல் முட்டும். முட்டுவதைப் பலத்தால் திருகி, ஜாயின்ட் விரிந்துபோன கியூ ஒன்று என்னிடம் வந்தது. அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அழுக்கா இருக்கு. பாலிஷ் போட்டுப் புதுசாக்கிட்டா விலை கூடுமா?

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். ஷாஃப்ட்டைத் தேய்க்கத் தேய்க்க இளைக்கும். 13 மி.மீ. ஆக இருந்தது 12 ஆனால் திரும்ப ஏற்ற வழியில்லை. டிப்பில் பூசும் சாக்கின் நீலம் பாய்ந்த ஷாஃப்ட்டுக்கு ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பாதி அழுக்கு போகும். மீதி அழுக்கு அதன் வயசு.

பட்டின் பூச்சு வேறு விஷயம். பூச்சு உரிந்திருந்தால், செய்தவரோ அவர் வழி வந்த நல்ல கைவினைஞரோ மறுபூச்சு போட்டதைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். யார், எப்போது செய்தார் என்ற சீட்டு இருக்கட்டும்.

பலபுஷ்கான்னு கையெழுத்தே போட்டிருக்கு. அசல்தானே?

பெயர் பளிச்சென்று இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். அவர் இறந்த பிறகு, அந்தப் பெயரை உரிமம் பெற்று ஜப்பானின் ஆடம் நிறுவனம் கியூக்கள் செய்து விற்றது. அவை போலி இல்லை. முறைப்படி விற்கப்பட்ட, நன்றாகச் செய்த கியூக்கள். ஆனால் ஜார்ஜ் பலபுஷ்காவின் கை அவற்றில் படவில்லை. என் நண்பர் ஒருவர் இதை அசல் விலைக்கு வாங்கிவிட்டு, இன்றுவரை வீட்டில் விலையைச் சொல்லவில்லை.

அசலைத் தெரிந்துகொள்ளப் பெயரைவிட உடம்பைப் பாருங்கள்: பிளாங்க் யாருடையது, வளைய வேலை, ஜாயின்ட், அடியில் ஹாப்பி வளையம் எனப்படும் வெள்ளை வளையத்தின் அகலம். பல ஆயிரம் டாலர் போடும் முன், அசல் கியூக்களைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

“இது இன்ன சாம்பியன் ஆடின கியூ”ன்னு விக்கிறாங்க. எப்படி நம்புறது?

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பட்டின் முன்பகுதி பெரும்பாலும் பேர்ட்ஸ் ஐ மேப்பிள். மரத்தில் சிறுசிறு கண்கள்போல் புள்ளிகள் சிதறியிருக்கும். ஒரு கட்டையின் புள்ளிகள் இன்னொன்றில் வராது, கைரேகை மாதிரி. அந்த ஆட்டக்காரர் அந்தக் கியூவோடு நிற்கும் தெளிவான பழைய புகைப்படம் கிடைத்தால், புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாம்பியன்கள் வாழ்நாளில் பல கியூக்கள் வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு நாள் கையில் வைத்திருந்தாலும் ‘அவர் ஆடின கியூ’தான்.

தந்தம் வெச்ச கியூவை அமெரிக்காவுல வாங்கிட்டு வரலாமா?

வேண்டாம். இந்தியாவில் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகமும் 1991 முதல் தடை. சுங்கத்தில் மாட்டினால் கியூவோடு போகாது விஷயம். அமெரிக்காவிலும் 2016இல் கிட்டத்தட்ட முழுத் தடை வந்தது. குறைந்த அளவு தந்தம் உள்ள பழைய பொருள்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, ஆனால் அது நாட்டுக்குள் விற்க மட்டும். நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமை. நூறு வருஷப் பழம்பொருள் என்ற சலுகையும் 1960களின் கியூவுக்குப் பொருந்தாது.

தந்தம் இல்லாவிட்டாலும் மரத்தைக் கேளுங்கள். பழைய கியூக்களில் அழகுக்காகச் சேர்த்த பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

அது தந்தமா பிளாஸ்டிக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊசியைச் சுட்டு வைக்கலாம்கிறாங்களே.

ஊசி வைத்தால் தந்தமோ பிளாஸ்டிக்கோ, ஓட்டை நிச்சயம். டிப்பை மாற்றும்போது ஃபெரூலின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பிளாஸ்டிக்கில் கோடே இராது, அல்லது அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருக்கும்.

நம்ம ஊர் வெயில்ல வளையாம வெச்சுக்க என்ன பண்ணணும்?

கார் டிக்கியில் வைக்காதீர்கள். மே மாதத்தில் ஒரு மதியம் அப்படி வைத்து ஒரு ஷாஃப்ட்டை இழந்தேன். ஏசி அறையிலிருந்து மொட்டைமாடிக்கும், மறுபடி ஏசிக்கும் அலைக்கழிப்பதுதான் மரத்துக்குப் பெரிய எதிரி. உறைக்குள் போட்டு, வெளிச்சுவரில் சாய்க்காமல், உள்ளறை அலமாரியில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் தன் எடையிலேயே வளையும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள்.

வளைஞ்சிருக்கான்னு மேசையில உருட்டிப் பார்த்தா போதுமா?

பட்டையும் ஷாஃப்ட்டையும் தனித்தனியாக உருட்டுங்கள், பிறகு சேர்த்து உருட்டுங்கள். தனித்தனியாக நேராக ஓடி, சேர்த்தால் துள்ளினால் குறை ஜாயின்ட் முகத்தில். அதைச் சரிசெய்யலாம். ஷாஃப்ட் மட்டும் துள்ளினால் மரம் வளைந்துவிட்டது. பழைய கியூவில் நுனியில் லேசான துள்ளல் இருந்தால் நான் பயப்பட மாட்டேன், விலையில் குறைத்துக் கேட்பேன். பட் துள்ளினால் வாங்க மாட்டேன். மேசை மட்டமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவருடைய மேசை எப்போதும் அவர் பக்கம்தான்.